சிகானோ பார்க் மியூரல் பார்க்கப் போறீங்களா? முதல்ல மண்ணோட கதை, அப்புறம் படம்

அமெரிக்காவுல கலிபோர்னியா மாநிலத்துல இருக்கிற சான் டியாகோவுக்கு வர்ற நம்ம ஆளுங்க பெரும்பாலும் கொரொனாடோ பாலத்துல ஒரு ரவுண்டு போவாங்க, வளைஞ்சு போற அந்த நீலப் பாலத்து மேல இருந்து கடலையும் நேவி கப்பலையும் வீடியோ எடுப்பாங்க, ஆனா பாலம் ஏற ஆரம்பிக்கிற இடத்துல காருக்கு நேர் கீழ என்ன இருக்குன்னு முக்காவாசி பேருக்குத் தெரியாது. கீழ ஒரு பார்க் இருக்கு. பாலத்தைத் தாங்குற கான்கிரீட் தூண்கள்ல அடியில இருந்து உச்சி வரைக்கும் ஓவியம், இப்படிச் சுவர்ல பெருசா வரையறதைத்தான் மியூரல்னு சொல்றாங்க. அதுதான் சிகானோ பார்க். 2016 டிசம்பர்ல அமெரிக்க அரசாங்கம் இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமா அறிவிச்சாங்க, ஒரு பாலத்துக்கு அடியில இருக்கிற இடத்துக்கு அந்த அந்தஸ்து கிடைச்சது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

இந்தக் கட்டுரை முதல் தடவை போறவங்களுக்கு. அங்க போய் கலர் கலரா இருக்குன்னு நாலு செல்ஃபி எடுத்துட்டு வந்துடறது சுலபம், ஆனா இந்த ஓவியங்களை அப்படிப் பார்த்தா பாதிகூட புரியாது. என்னைக் கேட்டா, படத்துக்கு முன்னாடி அது நிக்கிற மண்ணு யார்கிட்ட இருந்துச்சு, யார் எடுத்தாங்க, யார் திருப்பி வாங்கினாங்கங்கிறதைத் தெரிஞ்சுட்டுத்தான் போகணும். அதனால வழிகாட்டியையும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஸ்டெப் 1: கிளம்புறதுக்கு முன்னாடி இந்தக் கதையைப் படிச்சுக்கோங்க

முதல்ல சிகானோன்னா யாருன்னு தெரியாதவங்களுக்கு: அமெரிக்காவுல வாழுற மெக்சிகோ வம்சாவளி மக்கள்ல, 1960-கள்ல உரிமைப் போராட்டத்தோட சேர்த்து அந்தப் பேரைப் பெருமையா எடுத்துக்கிட்டவங்க. இவங்க எல்லாருமே எல்லை தாண்டி வந்தவங்கன்னு நினைச்சுடாதீங்க. 1848-ல அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் நடந்த போர் முடிஞ்சு போட்ட ஒப்பந்தத்துல கலிபோர்னியா உட்பட பெரிய நிலப்பரப்பு மெக்சிகோகிட்ட இருந்து அமெரிக்காவுக்குப் போச்சு, அப்ப அங்கயே வாழ்ந்துட்டு இருந்த குடும்பங்கள் ஒரு அடி நகராமலே வேற நாட்டுல இருந்தாங்க. நிலம், எல்லை, சொந்த மண்ணு இதெல்லாம் இந்த ஓவியங்கள்ல திரும்பத் திரும்ப வர்றதுக்கு இதுதான் காரணம்.

இப்ப பார்க் கதை. லோகன் ஹைட்ஸ்னு சான் டியாகோல மெக்சிகோ குடும்பங்கள் தலைமுறையா வாழ்ந்த ஏரியா, அதுல கடல் பக்கம் இருக்கிற பகுதியைத்தான் இன்னைக்கு பாரியோ லோகன்னு சொல்றாங்க. 1950-கள்ல சிட்டி ஜோனிங்கை, அதாவது எங்க வீடு வரலாம், எங்க ஆலை வரலாம்ங்கிற விதியை மாத்தி, வீடுகளுக்கு நடுவுலயே பழைய கார் உடைக்கிற யார்டுகளும் சின்னச் சின்ன ஆலைகளும் வர விட்டாங்க. 1963-ல ஐ-5 ஹைவே வந்து ஏரியாவை ரெண்டாப் பிளந்துச்சு. அப்புறம் 1969-ல கொரொனாடோ பாலம் திறந்தாங்க, மிச்சம் இருந்த தெருக்களுக்கு நடுவுல ராட்சசத் தூண்கள் வந்து நின்னுச்சு. எத்தனையோ வீடுகள் போச்சு, எத்தனையோ குடும்பங்கள் சிதறிப் போச்சு. ஏரியா மக்கள் கேட்டது ஒண்ணே ஒண்ணு, பாலத்துக்கு அடியில இருக்கிற நிலத்துல ஒரு பார்க். தர்றோம்னு சொல்லியும் இருந்தாங்க.

1970 ஏப்ரல் 22 அன்னைக்கு காலையில அங்க புல்டோசர் வந்துச்சு. மாரியோ சோலிஸ்னு ஒரு காலேஜ் ஸ்டூடண்ட் போய் என்ன வேலை நடக்குதுன்னு விசாரிச்சாரு, பார்க் எல்லாம் இல்ல, ஹைவே போலீஸுக்கு ஸ்டேஷன் கட்டப் போறாங்கன்னு தெரிஞ்சுச்சு. அவர் போய் காலேஜ்லயும் தெருவுலயும் சொல்ல, ஸ்டூடண்ட்ஸ், அம்மாக்கள், குழந்தைங்க, வயசானவங்கன்னு எல்லாரும் வந்து புல்டோசரைச் சுத்தி கைகோத்து நின்னுட்டாங்க. வெறும் மறியல் இல்லைங்க, மண்வெட்டியோட வந்து அங்கயே நிலத்தைச் சமப்படுத்தி கள்ளிச்செடி, மரம், பூச்செடின்னு நட ஆரம்பிச்சாங்க, போன் கம்பத்துல கொடி ஏத்தினாங்க. 12 நாள் அந்த இடத்தை விட்டு நகரல. கடைசியில அரசாங்கம் இறங்கி வந்து பார்க்குக்கு ஒத்துக்கிட்டாங்க.

ஓவியம் வந்தது இதுக்கு அப்புறம்தான், 1973-ல. அந்த ஏரியாவுலயே வளர்ந்த சால்வடோர் டோரஸ்ங்கிற ஓவியர்தான், தன் ஊரைக் கிழிச்ச அதே தூண்களைப் பார்த்து, இதுல வரையலாம்னு சொன்னவரு. எனக்கு இந்த முழுக் கதையிலயும் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். இடிக்க முடியாத ஒண்ணு வீட்டு வாசல்ல வந்து நிக்குது, அதை வெறுத்துட்டே வாழாம அதையே எடுத்து உங்க கதை சொல்ற சுவரா மாத்திடறீங்க. முதல் முதல்ல வரைஞ்சப்ப ஓவியர்கள் மட்டும் வரலை, அக்கம்பக்கத்து ஜனங்க, குழந்தைங்கன்னு நூத்துக்கணக்கான பேர் பிரஷ் எடுத்தாங்க.

ஸ்டெப் 2: எப்ப போறது, எப்படிப் போறது

ட்ராலின்னு சொல்ற சிட்டி ரயில் இருக்கு, ப்ளூ லைன்ல பாரியோ லோகன்னு ஸ்டேஷன், அங்க இறங்கி நடந்தே போயிடலாம். கார்ல போனா வீக்கெண்ட்ல பார்க்கிங் கஷ்டம், தெருவுல இடம் தேடி சுத்தணும். வார நாள்ல காலையில போனா கூட்டம் இல்லாம நின்னு பார்க்கலாம், பாலத்து நிழல் விழுறதால உச்சி வெயில்ல பாதிச் சுவர் இருட்டாவும் பாதி கண்ணைக் கூசுற மாதிரியும் இருக்கும், போட்டோ எடுக்கணும்னா காலையிலயோ சாயங்காலமோ போங்க.

கூட்டம் பரவாயில்லன்னா ஏப்ரல் மாசம் போங்க. நிலத்தை மீட்ட நாளை ஒட்டி வர்ற சனிக்கிழமையில வருஷா வருஷம் சிகானோ பார்க் டே கொண்டாடுறாங்க. இறகு கிரீடம் கட்டி, கால்ல சலங்கை மாதிரி விதைக்காய் கட்டி ஆடுற ஆஸ்டெக் (மெக்சிகோவோட பழங்குடி மக்கள்) டான்ஸ், லோரைடர் கார் வரிசை, மேளம், பேச்சு, சாப்பாடுன்னு நாள் முழுக்க நடக்கும். லோரைடர்னா பழைய மாடல் காரைத் தரையைத் தொடுற அளவுக்கு இறக்கி, பெயிண்ட் வேலை பண்ணி, மெதுவா ஓட்டிட்டுப் போறது, அதுவும் இவங்க கலைல ஒரு பகுதிதான். கலிபோர்னியாவுல பல ஊர்கள்ல இப்படி ஊர்வலமா ஓட்டுறதுக்கே தடை இருந்துச்சு, 2024-ல இருந்து அந்தத் தடை எல்லாம் மாநிலச் சட்டத்தால போச்சு.

பார்க் பக்கத்துலயே சிகானோ பார்க் மியூசியம் 2022 அக்டோபர்ல திறந்திருக்காங்க. முடிஞ்சா முதல்ல அங்க போயிட்டு அப்புறம் பார்க்குக்குள்ள வாங்க. பசிச்சா லோகன் அவென்யூல சின்னச் சின்னக் கடைகள் இருக்கு, ஏரியா ஆளுங்க நடத்துற கடையாப் பார்த்துச் சாப்பிடுங்க, ஏன்னா இப்ப அங்க வாடகை ஏறிட்டே இருக்கு, இந்த ஓவியத்தை எல்லாம் வரைஞ்ச குடும்பங்களே அங்க இருக்க முடியாமப் போயிடுமோங்கிறதுதான் அங்க இருக்கிறவங்க பெரிய கவலை.

ஸ்டெப் 3: எந்த வரிசையில பார்க்குறது

நடுவுல மெக்சிகோ பழங்காலக் கோயில் மாதிரி ஒரு மேடை இருக்கும், அதை கியோஸ்கோன்னு சொல்றாங்க. அங்க போய் ஒரு அஞ்சு நிமிஷம் கேமரா எடுக்காம சும்மா நில்லுங்க. தலைக்கு மேல வண்டி ஓடுற சத்தம் நிக்கவே நிக்காது. அந்தச் சத்தத்தோட சேர்த்துத்தான் இந்த ஓவியங்களைப் பார்க்கணும், ஏன்னா அந்த ரோடு வந்ததாலதான் இந்த ஓவியமே வந்துச்சு.

அப்புறம் பாலத்துக்கு ஏறுற ராம்ப் சுவர்களுக்குப் போங்க, 1973-ல வரைஞ்ச பழசு அங்கதான் இருக்கு. ஒண்ணு கெட்சால்கோட்டில், இறகு வெச்ச பாம்பு தெய்வம், இன்னொண்ணு வரலாற்று மியூரல்னு சொல்றது, அதுல மெக்சிகோ புரட்சித் தலைவர்கள் ஸபாட்டா, வில்லா, விவசாயத் தொழிலாளர் தலைவர் சாவேஸ்னு முகங்கள் வரிசையா இருக்கும். அங்கிருந்து தூண்களுக்கு வாங்க. ஒவ்வொரு தூணும் டி வடிவத்துல மேல கை விரிச்ச மாதிரி நிக்கும், அந்த வடிவத்துக்கு ஏத்த மாதிரியே வரைஞ்சிருக்காங்க, அதனால கண்ணு மட்டத்துல இருக்கிறதை மட்டும் பார்த்துட்டு நகராதீங்க, கழுத்தை நிமித்தி உச்சி வரைக்கும் பாருங்க.

விட்டுடவே கூடாத ஒண்ணு, 'வாரியோ ஸி, யோங்கேஸ் நோ'. 1977-ல வரைஞ்சது, விக்டர் ஓச்சோவா உட்பட சில பேர் சேர்ந்து போட்டது. எங்க குடியிருப்பு வேணும், கார் உடைக்கிற யார்டு வேணாம்னு அர்த்தம். மேல சொன்னேனே ஜோனிங் மாத்தினதுன்னு, அதுக்கு எதிரா ஜனங்க நடத்தின போராட்டம்தான் சுவருக்கு வந்திருக்கு. சிட்டி ஆபீஸ்ல ஃபைல்ல நடந்த ஒரு விஷயம் வீட்டு ஜன்னல் வழியா புகையாவும் தூசியாவும் வந்தா எப்படி இருக்கும்னு அந்த ஏரியா ஆளுங்களுக்குத்தான் தெரியும், அவங்களே வரைஞ்சிருக்காங்க. 'கடல் வரைக்கும்'னு ஒரு கோஷமும் இந்த பார்க்கோட சேர்ந்தது, பார்க்கைக் கடற்கரை வரைக்கும் நீட்டணும்னு கேட்டுப் பல வருஷம் போராடினாங்க.

ஓவியத்தோட கீழ் மூலையில பேரும் வருஷமும் இருக்கான்னு பாருங்க, சிலதுல ரெண்டு வருஷம் இருக்கும், வரைஞ்ச வருஷமும் புதுப்பிச்ச வருஷமும். 2011, 2012-ல 18 ஓவியங்களைப் பெரிய அளவுல புதுப்பிச்சாங்க, முடிஞ்ச வரைக்கும் முதல்ல வரைஞ்ச ஓவியர்களையே கூப்பிட்டு. வண்டிப் புகை, கடல் உப்புக் காத்து, தண்ணிக் கசிவு எல்லாம் சேர்ந்து பெயிண்ட்டைச் சாப்பிட்டுட்டே இருக்கும், அதனால இந்த வேலை முடியவே முடியாது.

ஸ்டெப் 4: அடிக்கடி வர்ற உருவங்கள்

எல்லாத்தையும் மனப்பாடம் பண்ண வேண்டாம், சிலது தெரிஞ்சாலே போதும், மீதி தானா பிடிபடும்.

கறுப்புக் கழுகு, சிவப்புப் பின்னணி. இது விவசாயத் தொழிலாளர் சங்கத்தோட கொடி. சீசர் சாவேஸும் டோலோரஸ் ஹுவர்ட்டாவும் 1962-ல ஆரம்பிச்ச சங்கம், 1965-ல டெலானோ ஊர்ல திராட்சைத் தோட்டத்துல ஃபிலிப்பினோ தொழிலாளர்கள் ஸ்ட்ரைக் ஆரம்பிக்க, இவங்களும் சேர்ந்தாங்க, அஞ்சு வருஷம் நடந்துச்சு. அந்தக் கழுகோட றெக்கையைக் கிட்டப் போய்ப் பாருங்க, வளைவே இல்லாம படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி இருக்கும். யார் வேணும்னாலும் ஸ்கேல் வெச்சு வீட்லயே கொடி வரைஞ்சுக்கணும்னுதான் அப்படி டிசைன் பண்ணாங்க. ஒரு சின்னத்தை அழகா இருக்கணும்னு மட்டும் யோசிக்காம, படிக்காத தொழிலாளியும் வரைய முடியணும்னு யோசிச்சிருக்காங்க பாருங்க.

குவாடலூப்பே மாதா, சுத்திலும் கதிர் வீசுற மாதிரி நிப்பாங்க, காலடியில பிறை. சாமி படமா மட்டும் எடுத்துக்காதீங்க, ஸ்ட்ரைக் ஊர்வலங்கள்ல முன்னாடி தூக்கிட்டுப் போன படம் அது. மூணு முகம் ஒட்டின ஒரு தலை பார்த்தீங்கன்னா, ஒரு பக்கம் ஸ்பெயின்காரர், ஒரு பக்கம் பழங்குடி, நடுவுல ரெண்டும் கலந்து பிறந்த இன்னைய மனுஷன். பெரிய மீசை, குறுக்கே தோட்டா பெல்ட், அகலத் தொப்பின்னா பெரும்பாலும் ஸபாட்டா, நிலம் உழுறவனுக்குன்னு மெக்சிகோ புரட்சியில நின்னவரு. மக்காச்சோளம், கள்ளிச்செடி, சூரியக் கல் (ஆஸ்டெக் மக்களோட வட்டமான கல் சிற்பம்), எலும்புக்கூடு எல்லாம் வரும். எலும்புக்கூட்டைப் பார்த்து பயமுறுத்துறதுக்குப் போட்டதுன்னு நினைக்காதீங்க, செத்தவங்களை வருஷத்துக்கு ஒருக்கா வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைக்கிற மரபு அவங்களோடது.

ஸ்டெப் 5: அங்க எப்படி நடந்துக்கிறது

அது ஓப்பன் மியூசியம் மட்டும் இல்ல, அந்த ஜனங்க பிறந்தநாள், இரங்கல், சடங்குன்னு எல்லாத்துக்கும் கூடுற இடம். டான்ஸ் நடக்கும்போது சில நேரம் அது சடங்கு, நிகழ்ச்சி இல்ல, வட்டத்துக்குள்ள போகாதீங்க, போட்டோ எடுக்கலாமான்னு கேட்டுட்டு எடுங்க. சுவர் மேல சாயுறது, கால் வெச்சு போஸ் குடுக்குறது வேண்டாம்.

உங்க சொந்த ஆல்பத்துக்கு போட்டோ எடுக்கிறதுல பிரச்சினை இல்ல. ஆனா அதை டி-ஷர்ட்லயோ விளம்பரத்துலயோ போட நினைச்சா ஓவியர்கிட்ட அனுமதி வாங்கணும், தெருவுல இருக்கிறதால காப்பிரைட் போயிடாது, அமெரிக்காவுல இது நிறைய பேருக்குத் தெரியாம மாட்டிக்கிறாங்க. சோஷியல் மீடியாவுல போட்டா ஓவியர் பேரையும் போடுங்க.

ஸ்டெப் 6: அடுத்து லாஸ் ஏஞ்சல்ஸ்

சான் டியாகோ பார்த்து பிடிச்சிருச்சுன்னா அடுத்து எல்ஏ. நிறைய இருக்கு, எல்லாத்தையும் ஒரே நாள்ல அடிச்சுப் பிடிச்சுப் பார்க்க வேண்டாம், நான் சொல்ற வரிசை இது.

முதல்ல ஒல்வேரா தெருவுல 'அமெரிக்கா ட்ரோப்பிக்கால்'. மெக்சிகோ ஓவியர் சிகேய்ரோஸ் 1932-ல வரைஞ்சது. ஜாலியா டூரிஸ்ட் படம் ஒண்ணு வரைவாருன்னு எதிர்பார்த்தாங்க, அவரோ சிலுவையில கட்டின பழங்குடி மனுஷனையும் அதுக்கு மேல அமெரிக்கக் கழுகையும் வரைஞ்சு வெச்சுட்டாரு. கொஞ்ச நாள்லயே வெள்ளையடிச்சு மூடிட்டாங்க. வருஷம் போகப் போக அந்த வெள்ளைப் பூச்சு உரிஞ்சு, 1970 வாக்குல அடியில இருந்த படம் மங்கலா வெளிய தெரிய ஆரம்பிச்சுச்சு, சரியா சிகானோ இளைஞர்கள் சுவர்ல வரைய ஆரம்பிச்ச சமயம். 2012-ல பாதுகாத்து மக்கள் பார்க்குற மாதிரி திறந்துட்டாங்க. கலர் எல்லாம் திரும்பி வரலை, மங்கலாத்தான் இருக்கும், அதுக்குத் தயாராப் போங்க.

அடுத்து க்ரேட் வால். சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்குல, வெள்ளத் தண்ணி போக கான்கிரீட் போட்ட டுஹுங்கா வாஷ் கால்வாய்ச் சுவர்ல இருக்கு, நீளம் 2,754 அடி, அதாவது கிட்டத்தட்ட 840 மீட்டர். ஜூடி பாகாங்கிற ஓவியர் தலைமையில 1976-ல ஆரம்பிச்சு 1983 வரைக்கும் அஞ்சு கோடைக்காலம் வரைஞ்சாங்க, 400-க்கு மேல இளைஞர்கள் வேலை பார்த்தாங்க, அதுல நிறைய பேர் போலீஸ் கேஸ்ல சிக்கி வந்த பசங்க. கால்வாய்க்கு எதிர்ப்பக்கம் நடைபாதை இருக்கு, அங்கிருந்து நடந்துட்டே பார்க்கலாம், கலிபோர்னியா வரலாறே வரிசையா வரும். 1950-கள் வர்ற இடத்துல நில்லுங்க. ஹைவே பாம்பு மாதிரி வளைஞ்சு குடும்பங்களைப் பிரிக்குது, மேல இருந்து டாட்ஜர் பேஸ்பால் ஸ்டேடியம் பறக்கும் தட்டு மாதிரி வந்து இறங்குது. சாவேஸ் ரவீன்ங்கிற ஏரியாவுல மெக்சிகோ குடும்பங்களைக் காலி பண்ணினதும், அந்த நிலத்துல பின்னாடி ஸ்டேடியம் வந்ததும் நடந்த கதை. சிகானோ பார்க் கதை தெரிஞ்சுட்டு வந்தவங்களுக்கு அங்க யாரும் விளக்கமே சொல்ல வேண்டியதில்ல.

பாய்ல் ஹைட்ஸ்ல எஸ்ட்ராடா கோர்ட்ஸ் இருக்கு, அரசாங்கக் குடியிருப்பு, அதோட பக்கச் சுவர்கள்ல 1970-கள்ல இருந்து வரைஞ்சிருக்காங்க. சே குவேரா விரலை நீட்டி 'நாம சிறுபான்மை இல்ல'ன்னு சொல்ற பிரபலமான 1978 ஓவியம் ஒலிம்பிக் பூல்வார்ட் ரோட்ல இருந்தே தெரியும். ஜனங்க குடியிருக்கிற இடம்ங்க, பகல்ல போங்க, ஜன்னல் பக்கம் கேமராவைத் திருப்பாதீங்க.

சான் ஃபிரான்சிஸ்கோ போனா மிஷன் ஏரியாவுல பால்மி ஆலி, 24-வது தெருவுக்கும் 25-க்கும் நடுவுல ஒரு சந்து, வேலியும் கராஜ் கதவும்தான் சுவர். 1984-ல மத்திய அமெரிக்கப் போர்களை எதிர்த்து ஒரே சமயத்துல 27 ஓவியம் போட்டாங்க. 1977-ல இருந்து இயங்குற ப்ரெசீட்டா ஐஸ் அமைப்பு அங்க நடந்து சுத்திக் காட்டுற டூர் நடத்துறாங்க, அதுக்குக் காசு கொடுத்துப் போறது வீண் இல்ல.

ஸ்டெப் 7: நீங்களும் பிரஷ் எடுக்கணும்னா

இது பார்த்துட்டு நிறைய பேருக்கு நாமளும் கை வைக்கலாமான்னு தோணும். வைக்கலாம், ஆனா உங்க டிசைனைத் தூக்கிட்டுப் போகாதீங்க. சிகானோ பார்க்ல என்ன வரையறது, எதைப் புதுப்பிக்கிறதுங்கிறதுக்கு அங்க ஸ்டீயரிங் கமிட்டி இருக்கு, ஆரம்பத்துல இருந்து பார்க்கைக் காப்பாத்திட்டு வர்றவங்க, அவங்க ஓகே இல்லாம ஒரு கோடு போட முடியாது, போடவும் கூடாது. முதல்ல சுத்தம் பண்ற நாள், செடி நடுற நாள்னு வாலண்டியர் கூப்பிடுவாங்க, அதுல போய் நில்லுங்க. முகம் தெரிஞ்ச பிறகு பெயிண்ட் வேலைக்கும் கூப்பிடுவாங்க.

சமுதாய மியூரல் வேலைல பெயிண்ட் அடிக்கிறது கடைசிப் பாதிதான். முதல்ல மீட்டிங், அக்கம்பக்கத்து ஆளுங்ககிட்ட என்ன கதை வரணும்னு கேக்குறது, ஸ்கெட்ச், அதைக் காட்டித் திருத்துறது, சுவர் யாரோடதோ அவங்ககிட்ட அனுமதி. அப்புறம் சுவரைப் பிரஷர் வாஷ் பண்ணி, வெடிப்பு அடைச்சு, நல்லாக் காய விட்டு பிரைமர் அடிப்பாங்க. ஈரம் இருக்கிற சுவர்ல அவசரப்பட்டு அடிச்சா உள்ள இருக்கிற உப்பு வெள்ளையாப் பூத்து பெயிண்ட்டைத் தள்ளிடும், எவ்வளவு நல்லா வரைஞ்சாலும் காப்பாத்த முடியாது. அதுக்கு மேல கட்டம் போட்டு ஸ்கெட்ச்சைக் கட்டம் கட்டமா பெரிசாக்குவாங்க, இல்லன்னா ராத்திரி புரொஜெக்டர் வெச்சு கோடு எடுப்பாங்க. வெளிப்புற வேலைக்குத் தரமான அக்ரிலிக்தான், சூரியனுக்கு வெளிறாத நிறமி இருக்கணும். புதுசா வர்றவங்களுக்குப் பெரிய பரப்பு நிரப்புற வேலை கொடுப்பாங்க, வானம், மலை, பின்னணி. முகமும் கையும் அனுபவம் உள்ளவங்க செய்வாங்க, இதுல கோவிச்சுக்க ஒண்ணும் இல்ல. கடைசியில மேல பாதுகாப்புக் கோட்டிங், யாராவது கிறுக்கினா துடைச்சு எடுக்கிறதுக்கு.

ஸ்டெப் 8: எங்கயாவது அழிக்கிறதைப் பார்த்தா

இது வழிகாட்டில எதுக்குன்னு கேட்காதீங்க, அடிக்கடி நடக்குது. பில்டிங் கை மாறுது, புது ஓனர் ஒரே நாள்ல வெள்ளையடிச்சுடறாரு. சிகாகோ பில்சன் ஏரியாவுல காசா ஆஸ்ட்லான் கட்டடத்துல 2017-ல அப்படித்தான் ஆச்சு, ஜனங்க கொதிச்சு எழுந்த பிறகு முதல்ல வரைஞ்ச ரே பட்லானையே கூப்பிட்டுத் திரும்ப வரைய வெச்சாங்க. கொலராடோல இருக்கிற சிகானோ மியூரல்களை 2022-ல நாட்டுலயே ரொம்ப ஆபத்துல இருக்கிற 11 பாரம்பரிய இடங்கள் லிஸ்ட்ல சேர்த்தாங்க.

சட்டம் இருக்கு. 1979-ல வந்த கலிபோர்னியா சட்டமும் 1990-ல வந்த ஃபெடரல் சட்டமும் ஓவியருக்குத் தன் படைப்பைச் சிதைக்காம காக்கிற உரிமை கொடுக்குது, பல கேஸ்கள்ல கட்டட ஓனர் 90 நாள் முன்னாடி ஓவியருக்கு நோட்டீஸ் கொடுத்தாகணும். எல்லா ஓவியத்துக்கும் ஒரே மாதிரி பொருந்தாது, அதை வக்கீல்தான் பார்க்கணும். உங்களால ஆகுறது என்னன்னா, சாரம் கட்டி பெயிண்ட் டப்பா இறக்குறதைப் பார்த்தாலே உடனே தேதியோட போட்டோ எடுங்க, முழுச் சுவரும் ஒண்ணு, கீழ் மூலையில இருக்கிற கையெழுத்து ஒண்ணு. அந்தப் பேரைத் தேடி ஓவியருக்கோ, அவர் இல்லன்னா குடும்பத்துக்கோ, அந்த ஏரியா கலை அமைப்புக்கோ அன்னைக்கே சொல்லுங்க. வேலை பண்ற பெயிண்டர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, அவர் கூலிக்கு வந்தவரு, யார் ஆர்டர் கொடுத்தாங்கன்னு மட்டும் மரியாதையாக் கேட்டு எழுதிக்கோங்க.